பார்ட் டூ இங்கிலீஷ்: முதலாண்டுப் பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் முதலாண்டு சேர்கிற பிள்ளைகள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். வணிகவியல் எடுத்தாலும் கணிதம் எடுத்தாலும் பார்ட் டூ என்ற கட்டாய ஆங்கிலப் பாடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இவர்களுக்கு வாசிக்க என்ன கொடுக்கலாம் என்று கேட்டால், ஆசிரியர் அறையில் ஒருவர் இலக்கியம் என்பார், இன்னொருவர் தினமும் பேப்பர் படிக்கச் சொல்லுங்கள் என்பார்.

எனக்கு முதல் கேள்வி, ஒரு பக்கத்தில் தெரியாத சொல் எத்தனை என்பதுதான். யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் நூற்றுக்குச் சுமார் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, பால் நேஷன் என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 250 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதவை ஐந்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நடப்பது வாசிப்பு இல்லை, அகராதி புரட்டல்.

இப்படிப் பார்த்தால் வழக்கமான பாடத்தொகுப்பு முதல் பத்தியிலேயே தோற்றுவிடும். பிள்ளைகள் மூலப் பாடத்தைத் தொடுவதே இல்லை. கடையில் நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து தேறிவிடுகிறார்கள். செய்தித்தாளும் ஆரம்பத்தில் உதவாது. தலைப்பில் பாதிச் சொல் இருக்காது, உள்ளே சுருக்கப் பெயர்களாகக் கொட்டிக் கிடக்கும்.

உண்மையான போட்டி, ஒவ்வொரு நிலைக்கும் இத்தனை சொல்தான் என்று எண்ணி எழுதிய படிநிலைக் கதைப் புத்தகங்களுக்கும் நம் ஊர் விஷயத்தைச் சொல்லும் ஆங்கிலத்துக்கும் நடுவில்தான்.

படிநிலைப் புத்தகங்களில் ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் வரிசையை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டரில் 250 மூலச்சொற்கள், முதல் நிலையில் 400, இரண்டாவதில் 700, ஆறாவதில் 2,500. go, went, gone மூன்றும் ஒரே மூலச்சொல்லாகத்தான் கணக்கு. இது சீமைச் சரக்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் இப்படிச் சொல்லை எண்ணி வாசிப்புப் பாடம் எழுதும் முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான மைக்கேல் வெஸ்ட், 1920-களில் அந்த வேலையைச் செய்தது டாக்காவில், வங்காளப் பிள்ளைகளுக்காக. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கதையில் பனி கொட்டும், பிரபுவின் மாளிகை வரும், பள்ளத்தூர்ப் பிள்ளைக்கு அது ஒட்டாது. விலையும் கொஞ்சம் இடிக்கும்.

நம் ஊர் ஆங்கிலத்தில் சிக்கல் நேர் எதிர். கானாடுகாத்தானில் உள்ள செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிச் சுற்றுலாப் பயணிக்கு ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துப் பாருங்கள். முகப்பு, வளவு, பர்மா தேக்குத் தூண் எல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஆனால் வரிக்கு நான்கு அலங்காரச் சொல். அகராதி இல்லாமல் நகர முடியாது. தெரிந்த வீட்டுக்குள் தெரியாத பூட்டு மாதிரி.

ஆசிரியர் உட்கார்ந்து திருத்தி எழுதினால் இதே விஷயம் பிரமாதமான பாடமாகிவிடும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் விதத்தையே எடுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது. வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. எல்லாம் சின்ன வாக்கியம், எளிய நிகழ்காலம், ஒன்றன்பின் ஒன்றாக வேலை. ஒரு வினைச்சொல் தெரியாவிட்டாலும் அடுத்து என்ன வரும் என்று பிள்ளை ஊகித்துவிடும். பார்த்த வேலைதானே. ஆனால் இப்படி ஒரு பக்கம் எழுத ஆசிரியருக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஒரு பருவம் முழுக்கப் படிக்க இது போதாது.

அதனால் என் தேர்வு, வீட்டில் படிக்கப் படிநிலைப் புத்தகம், வகுப்பில் படிக்க ஊர்ப் பாடம். துறையில் பணம் இருந்தால் ஒரே புத்தகத்தில் நாற்பது படி வாங்காதீர்கள். ஸ்டார்ட்டரிலும் முதல் நிலையிலும் நாற்பது வெவ்வேறு தலைப்பு வாங்கிச் சுற்றில் விடுங்கள். பிடிக்காததைப் பாதியில் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

பணமே இல்லை என்றால், சிறுவர் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற கதை இணையதளம் இருக்கிறது. இலவசம், நான்கு நிலைகள். பல கதைகளுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. திறந்த உரிமம் என்பதால், எழுதியவர் பெயரைப் போட்டு அச்சிட்டும் கொடுக்கலாம், சொல்லை மாற்றியும் எழுதலாம். ஒரே எச்சரிக்கை, பதினெட்டு வயதுப் பையனிடம் முயல் கதையை நீட்டினால் அவமானப்பட்டுவிடுவான். மூன்றாம், நான்காம் நிலையில் அறிவியல், வாழ்க்கை வரலாறு என்று பார்த்துப் பொறுக்குங்கள்.

ஆர்.கே. நாராயண் கதைகளைக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். எளிமை என்று பெயர், ஆனால் அவருடைய ஜோதிடர் கதையில் சோழியும் ஓலையும் வரும் தொடக்க வாக்கியமே தொடக்கநிலைப் பிள்ளைக்கு நீளம். கதையின் கிண்டலும் தனியாகப் படித்தால் பிடிபடாது. இரண்டாம் பருவத்தில் ஆசிரியர் வாய்விட்டுப் படிக்க, வகுப்பு கேட்டபடி தொடரட்டும்.