படர்தாமரைக்கு மெடிக்கலில் ட்யூப் வாங்குமுன்: தாராவி, மாட்டுங்கா பக்கம் இருப்பவர்களுக்கு

‘தாத்’ (படர்தாமரைக்கு இந்திப் பெயர்) என்று சொன்னதும் டாக்டர் சீட்டு கேட்காமல் கையில் வைக்கிறார்களே ஒரு ட்யூப், அதைப் பற்றியது இந்த எச்சரிக்கை. ஏமாற்று ஒரே மாதிரிதான் நடக்கிறது. பட்டறையில் நாள் முழுக்க வியர்வையில் உட்கார்ந்தவருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை. பூசிய இரண்டாம் நாள் அரிப்பு நிற்கும். நிறுத்தினால் முன்பைவிட அகலமாகத் திரும்பும். திரும்ப அதே ட்யூப், மாதக்கணக்கில்.

ட்யூப்பில் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018 முதல் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கிறது. சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் பூஞ்சையை உடம்பு எதிர்ப்பதால் வருபவை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது, பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. வட்டத்தின் தடித்த விளிம்பு அழிந்துபோவதால் தோல் மருத்துவரே தடுமாறுவார். தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரி விழுந்துவிட்டால் அது மறையவே மறையாது.

கண்ணால் பார்த்துச் சந்தேகம் தீராவிட்டால் சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விளிம்பிலிருந்து செதிலை எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, சிறிது நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிளைவிட்ட இழைகள் தெரியும். பெரிய செலவில்லை. பூஞ்சை மருந்து பூசிக்கொண்டே போனால் ‘இல்லை’ என்று தவறாக வரக்கூடும். என்ன பூசினீர்கள் என்பதை மறைக்காதீர்கள், ட்யூப்பையே கொண்டுபோங்கள்.

இப்போது இந்தியாவில் பரவியிருக்கும் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சையில் பல, வழக்கமான பூஞ்சை மருந்தான டெர்பினாஃபினுக்கு மசிவதில்லை. மருந்து தாக்க வேண்டிய நொதியே மாறிவிட்டது. அதனால் மருத்துவர்கள் பெரும்பாலும் இட்ராகொனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்தை எழுதுகிறார்கள், 100 மி.கி. இரண்டு வேளை, வாரக்கணக்கில். இந்தக் காப்ஸ்யூல் கரைய வயிற்று அமிலம் வேண்டும். வெறும் வயிற்றில் போட்டாலோ கேஸ் மாத்திரையோடு போட்டாலோ உடம்பில் சரியாக ஏறாது. ‘மருந்து பலிக்கவில்லை’ என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்படிப் போட்டீர்கள் என்பதுதான். இதயம் பலவீனமானவர்களும் கொழுப்பைக் குறைக்க சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்களும் இதைத் தொடக் கூடாது. மேல்பூச்சைத் திட்டுக்கு வெளியே 2 செ.மீ. வரை பூசி, மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். ஒரே துண்டை மூன்று பேர் துடைத்துக்கொள்ளும் அறையில் மூவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் வீண்.

இன்னொரு ஏமாற்று, படர்தாமரையைக் காட்டி எச்.ஐ.வி. பயமூட்டி ஆயிரக்கணக்கில் ‘பேக்கேஜ்’ டெஸ்ட் விற்பது. படர்தாமரை யாருக்கும் வரும். எச்.ஐ.வி. சந்தேகத்துக்குக் கவனிக்க வேண்டியவை வேறு: வாய்க்குள் வழித்தால் வரும் வெள்ளைப் படலம், இளவயதில் அக்கி, காய்ச்சலோடு முகத்தில் நடுவில் குழிந்த சிறு கட்டிகள். இந்தக் கட்டிகள் கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சை ரத்தத்தில் பரவியதன் அடையாளமாக இருக்கலாம். பருவென்று ஸ்டீராய்டு பூசி நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. கூடவே தலைவலி இருந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையுறையில் தொற்று உறுதியானால் முதலில் பூஞ்சைக்கு மருந்து; ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துகள்) நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான். அவசரப்பட்டுத் தொடங்குவதும் கொல்லும்.

எச்.ஐ.வி. சோதனை அரசு ஐ.சி.டி.சி. (ஆலோசனை, சோதனை) மையங்களில் இலவசம். ‘உண்டு’ என்பதை மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்த பிறகே சொல்வார்கள். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது. ஏ.ஆர்.டி.யும் இலவசம். எய்ட்ஸைக் குணமாக்கும் பொடி என்று எவராவது விற்றால் அது மருந்து விதிகளின் அட்டவணை ஜே-படி தடை செய்யப்பட்ட கூற்று. அதை நம்பி ஏ.ஆர்.டி.யை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே ஏ.ஆர்.டி.யில் இருப்பவர்கள் தோல் மருத்துவரிடம் உங்கள் ஏ.ஆர்.டி. புத்தகத்தைக் காட்டுங்கள்: அந்த மருந்துகளில் எஃபாவிரென்ஸ் இட்ராகொனசோலின் அளவைக் குறைக்கும், ரிட்டோனாவிர் ஏற்றிவிடும். எச்.ஐ.வி. பற்றி விவரம் கேட்க 1097-ஐ அழையுங்கள், கட்டணமில்லை.