புல்தரைக்கு நிலம் பண்படுத்துதல்: பெங்களூரு மனைகளுக்கு எந்த வழி பொருந்தும்?

பெங்களூரில் வீடு கட்டி முடித்தபின் மிஞ்சும் இடத்தில் புல்தரை அமைக்க விரும்புவோரிடம் ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, இரண்டு லோடு செம்மண் கொட்டிச் சமன்படுத்திவிடலாம் என்பதுதான். ஒரே நாளில் வேலை முடியும் என்பதைத் தவிர அந்த வழிக்கு வேறு சிறப்பில்லை. உடைந்த செங்கல்லும் சிமென்ட் கட்டிகளும் அடியில் இறுகிக் கிடப்பதால் மழைநீர் இறங்க வழியின்றித் தேங்கும். கொட்டிய மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்து சேரும். எனவே இடிபாட்டைத் தோண்டி அகற்றியபின் செய்யக்கூடிய மூன்று வழிகளையே இங்கு ஒப்பிடுகிறேன்.

மூன்றுக்கும் உரைகல் கோரைதான். பிற களைகளில் பல, புல் நெருங்கி வளர்ந்து அடிக்கடி வெட்டப்படும்போது அடங்கிவிடும், கோரை அடங்காது. குளியல் பொடிக்காக நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கும் அதே கிழங்குதான் இங்கே இலவசமாகப் பெருகுகிறது.

முதல் வழி, நனைத்த மண்ணின்மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடி, 4 முதல் 6 வாரம் வெயிலில் வேகவிடுவது. மேல்மண்ணில் உள்ள களை விதைகளில் பெரும்பகுதி இதில் அழியும். ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரின் ஏப்ரல் வெயில் வேலூர் வெயில் அன்று. ஆழத்துக் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். அதன் கூரிய முளை மெல்லிய தாளைத் துளைத்து வெளிவருவதும் உண்டு. சுற்றுச்சுவரின் நிழல் விழும் 30க்கு 40 அடி மனைகளில் பலன் இன்னும் குறையும்.

இரண்டாவது, கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளிப்பது. பசுமையாக வளரும் இலை வழியே மருந்து கிழங்கு வரை இறங்குமாதலால் உழைப்பு குறைவு. எனினும் உறங்கும் கிழங்குகள் தப்பிவிடுவதால் ஒரு தெளிப்பு போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இதைப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புள்ளவற்றில் சேர்த்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் எனக் கட்டுப்படுத்தியது. குழந்தைகள் புரளப்போகும் சிறிய இடத்திற்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து.

மூன்றாவது, கொத்தி, முளைக்கவிட்டு, மீண்டும் கொத்திப் பொறுக்குவது. கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன; சங்கிலி அறுபடாதவரை முனையிலுள்ள கிழங்கே முளைக்கும், மற்றவற்றில் பல உறங்கும். கொத்தும்போது சங்கிலி அறுபட்டு, உறங்கியவையும் முளைவிடுகின்றன. அப்படியே விட்டால் களை முன்னைவிடப் பெருகும் என்பதால்தான் பவர் டில்லரை ஒருமுறை ஓட்டிவிட்டு உடனே புல் பதிப்பது ஆபத்தாகிறது. முளைத்தவற்றைக் கிழங்கோடு கிளறி எடுத்தால் அதே அறுபடல் நமக்குச் சாதகமாகிறது. கூலியும் பொறுமையும் இதற்குக் கூடுதலாக வேண்டும். தண்ணீரும் வேண்டும், 2024 மார்ச்சில் தோட்டத்திற்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்ததை மறந்துவிடக் கூடாது. ஏப்ரல், மே கோடைமழைக்கு முன்பே முதல் கொத்து முடிந்துவிட்டால் முளைக்கவைக்கும் வேலையை அந்த மழையே ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே தனி வீட்டிற்கு மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன். கையால் கொத்த இயலாத அளவுக்குப் பரந்த அடுக்ககத் திடலுக்கு மட்டும், முளைத்த கோரையின்மீது உரிமம் பெற்றவர்களைக் கொண்டு மருந்தடிப்பதை ஏற்கலாம். எந்த வழியானாலும் கடைசியில் நன்கு மக்கிய எருவையே கலக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி 10 அடிக்கு 2 அங்குலச் சரிவு கொடுத்து, மண்ணை நனைத்துப் படியவிட்டு, பள்ளங்களை நிரப்பியபின் ஜூனில் புல் பதிக்கலாம்.