க்விஸ் செயலி சந்தா பாதி விலையில்: வாங்கலாமா?

நான் நெடுநாளாக வைத்திருக்கும் பொது அறிவு க்விஸ் செயலியின் ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். வாங்கலாமா என்று க்விஸ் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். எத்தனை பிரிவு, எத்தனை சுற்று, தமிழில் உண்டா என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இதில் கேள்வி எழுதுகிறவர்களில் யாரோ ஒருவர் அசாத்தியமான ஆள். ‘1752 செப்டம்பர் 2 அன்று இரவு பிரிட்டனில் படுக்கப் போனவர்கள் காலையில் எழுந்தபோது தேதி 14. ஏன்?’ வெறும் மனப்பாடம் இங்கே உதவாது, யோசித்தால் பிடிபடும். ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரிகோரியனுக்கு மாறியதில் நடுவில் 11 நாட்களைத் தள்ளிவிட்டார்கள். இன்னொன்று, மாரத்தான் ஓட்டத்தில் 42 கிலோமீட்டருக்கு மேல் அந்த 195 மீட்டர் எதற்கு என்பது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தின் இருக்கைகளுக்கு எதிரே முடியும்படி பாதை போட்டதில் வந்த தூரம் அது. 1921-இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். இப்படி ஒரு கேள்வியில் தோற்றால்கூட மனம் நிறைந்துவிடுகிறது. இந்த மாதிரிக் கேள்விகளுக்காகவே இத்தனை நாள் சந்தா கட்டினேன்.

சரி, இனி எரிச்சல்.

என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு. இந்தியாவில் எத்தனை மாநிலங்கள் என்ற கேள்விக்கு 28 என்று தட்டினான். சிவப்பு விழுந்தது, சரியான விடை 29 என்று காட்டியது. “மாமா, எங்க புக்ல 28னுதானே இருக்கு?” என்று கேட்டுவிட்டு, புத்தகம்தான் தப்பு போல என்று அவனே முடிவு கட்டிவிட்டான். 2019 அக்டோபர் 31 அன்று ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்ததிலிருந்து 28தான். சரியாகச் சொன்ன பிள்ளையைத் தப்பு என்று நம்ப வைத்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அது ஒன்றோடு நிற்கவில்லை. அதிக நிலவுகள் கொண்ட கோள் வியாழன் என்கிறது. 2025 மார்ச்சில் மட்டும் சனிக்கு 128 நிலவுகள் கூடி, மொத்தம் 274 ஆகிவிட்டன. கஜகஸ்தானின் தலைநகர் நூர்சுல்தான் என்கிறது. 2019-இல் வைத்த அந்தப் பெயரை 2022-இல் எடுத்துவிட்டு மறுபடி அஸ்தானா ஆக்கிவிட்டார்கள். இவையாவது ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. என்றைக்குமே சரியாக இல்லாதவையும் உண்டு. நம் தேசிய விளையாட்டு ஹாக்கியாம். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகமே 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் சொல்லிவிட்டது. உலகின் மிகப் பெரிய பாலைவனம் சகாராவாம். வெப்பப் பாலைவனம் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் சரி. சேர்க்காவிட்டால் விடை அண்டார்டிகா.

பிழை சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் நன்றி என்று பதில் வரும், கேள்வி அப்படியே கிடக்கும். மாத்திரை அட்டையில் காலாவதி தேதி போடுவது மாதிரி, ஒவ்வொரு விடையின் கீழும் எந்த மாத நிலவரம் என்று போட்டிருந்தால் இவ்வளவு கோபம் வராது. பழைய விடை என்று பையனுக்கே புரிந்திருக்கும்.

பாதி விலை நியாயமான விலைதான். கேள்வி எழுதும் கலையைப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இரண்டு முறை சொல்வேன். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் வரலாறு, விளையாட்டு வரலாறு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே விடைகள் அவ்வளவாக மாறுவதில்லை. நாடுகள், விண்வெளி, ‘உலகிலேயே பெரியது’ பக்கமே போக வேண்டாம். பிள்ளைகள் கையில் கொடுத்தால் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.