ஐம்பத்தாறு நாள்: என் கணவரின் பயணக் காப்புறுதியோடு நாலு வருஷம்

போன கிழமை என்னோடு படிப்பிக்கிற தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நோர்வேயிலிருந்து இவர் முதல்தரம் வாறார். காப்புறுதி ஏதும் எடுக்க வேணுமோ? விசாவுக்கு ஒருத்தரும் கேக்கேல்லையே." வட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன். நீண்டுகொண்டே போனது. அதனால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

என் கணவர் ஜேர்மன்காரர். நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அம்மாவோடு இருக்கிறேன்; அம்மாவைத் தனியே விட்டுவிட்டு அங்கே போய் இருக்க முடியாது. இவருக்குப் பூங்காக்கள் பராமரிக்கும் வேலை. குளிர் தொடங்கினால் வேலை இல்லை. அதனால் ஒவ்வொரு நவம்பரும் இங்கே வருவார். கார்த்திகையில் வரும் அப்பாவின் திவசத்துக்கு மருமகன் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

இவருடைய சம்பளத்தில் மாதா மாதம் மருத்துவக் காப்புறுதிக்குக் காசு பிடிக்கிறார்கள். ஆனால் அந்தக் காப்புறுதி ஐரோப்பாவுக்குள்ளும், துருக்கி, துனிசியா போல உடன்படிக்கை உள்ள சில நாடுகளிலும்தான் செல்லும். இலங்கையோடு உடன்படிக்கை இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் அது ஒன்றுக்கும் உதவாது, மனைவி இலங்கைப் பிரஜை என்பதாலும் எதுவும் மாறாது. நான் அவரிடம் போக ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தபோது 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதி காட்டச் சொன்னார்கள். அவர் என்னிடம் வரும்போது எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

2021 முதல் நாங்கள் எடுத்து வந்தது ஒரு ஜேர்மன் நிறுவனத்தின் ஆண்டுக் காப்புறுதி. வருஷத்துக்கு 20 யூரோவும் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் பயணம் போகலாம், ஆனால் ஒரு பயணம் 56 நாளுக்கு மேல் போகக் கூடாது. 57ஆம் நாள் புதிதாக ஒரு காய்ச்சல் வந்தால் அது எங்கள் செலவு. இங்கே வந்த பிறகு நாட்களைக் கூட்டவும் முடியாது.

அந்த 56 என்ற எண்தான் எங்கள் வீட்டுக் கலண்டரை ஆண்டது. நவம்பர் 20 புறப்பட்டால் ஜனவரி 14 கடைசி நாள். எண்ணிப் பாருங்கள், பல வருஷங்களில் அது தைப்பொங்கலுக்கு முதல் நாள். ஒவ்வொரு வருஷமும் முற்றத்தில் கோலம் போட அம்மா அரிசிமா இடிக்கத் தொடங்கும்போது இவர் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். எனக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று சொல்லி முடியாது.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 10 பின்னேரம் இவருக்குக் காய்ச்சல். விமானம் 13ஆம் திகதி. அந்த மாரியில் யாழ்ப்பாணம் முழுக்க டெங்கு. அடுத்த நாள் டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்.எஸ்.1 இரத்தப் பரிசோதனையில் அதுதான் என்று வந்தது. இரவு பதினொரு மணிக்குக் காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். பெயருக்கும் காப்புறுதி இலக்கத்துக்கும் அடுத்து வந்த கேள்வி, "ஜேர்மனியை விட்டு எந்தத் திகதியில் புறப்பட்டார்?" எத்தனை பாகை காய்ச்சல் என்று கேட்கவில்லை. போர்டிங் பாஸின் படம் அனுப்பச் சொன்னார்கள். இவர் பக்கத்தில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, டோர்ச் வெளிச்சத்தில் அவருடைய பையைத் தரையில் கவிழ்த்துத் தேடினேன். பாதி வாசித்த புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தார். அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அரை மணித்தியாலத்தில் அவர்களுடைய வைத்தியர் ஒருவர் திருப்பி எடுத்து, இவரோடு ஜேர்மன் மொழியில் பத்து நிமிஷம் கதைத்தார். இவர் ஊரிலிருந்து இபுபுறொபென் மாத்திரை கொண்டு வருவார், தலையிடி என்றால் உடனே அதுதான். டெங்குக்கு அது கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும், பனடோல் மட்டும் போடுங்கள் என்று நான் பகல் முழுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அந்த வைத்தியர் சொன்னதும் மாத்திரைப் பெட்டியை என் கையில் தந்தார். வருத்தத்தில் கிடக்கும் மனிதனுக்குத் தன் தாய்மொழியில் ஒரு வைத்தியரின் குரல் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

12ஆம் திகதி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கும்போதுதான் டெங்கில் கவனம் வேண்டும். இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் 61 ஆயிரத்துக்கு இறங்கியது. மிஸ்மார் (தாதிமார்) ஒரு கொப்பி தந்து, குடிப்பதையும் சிறுநீரையும் அளந்து எழுதச் சொன்னார்கள். சிவப்பு, மண்ணிறக் குடிவகை ஒன்றும் கொடுக்கக் கூடாது, வாந்தியில் இரத்தம் வந்தால் பிரித்தறிய முடியாமல் போகும். பொங்கலன்று விடிய அம்மா கஞ்சியோடு வந்தா. அது 57ஆம் நாள். பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்தால் காப்பு தொடரும் என்று ஒரு விதி இருக்கிறது, அது காப்பாற்றியது. அதற்கும் "விமானத்தில் போகக் கூடிய நிலையில் இல்லை" என்று வைத்தியரிடம் தனிக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. நோய் நிர்ணய அட்டை மட்டும் போதவில்லை.

16ஆம் திகதி வீட்டுக்கு விட்டார்கள். மொத்தம் 1,74,000 ரூபாய் நாங்கள் கையிலிருந்து கட்டினோம். எல்லாத் துண்டையும் ஸ்கான் பண்ணி அனுப்பி 18 நாளில் முழுக் காசும் வந்தது. மருந்துக்கடைக்காரர் கையால் எழுதித் தந்த பற்றுச்சீட்டுக்கும் சேர்த்து. ஒரு சதம் வெட்டவில்லை.

இவ்வளவு நல்லது செய்த காப்புறுதியை இந்த வருஷம் நிறுத்திவிட்டோம். மூன்று மாதத்துக்கு 100 யூரோவுக்கு மேல் கொடுத்து வேறொன்று எடுத்திருக்கிறார். அது இவ்வளவு நேர்மையாகக் காசு தருமா என்று தெரியாது. எனக்கு அது பரவாயில்லை. ஒரு பொங்கலாவது இவர் முற்றத்தில் நின்று பானை பொங்குவதைப் பார்க்க வேண்டும்.

தங்கச்சிக்கு: ஒரு மாதம்தான் வருகிறார் என்றால் மலிவானதே போதும். நாள் எல்லை எத்தனை என்று முதலில் பார். நோயாளியை அவருடைய நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது பற்றிய பகுதியில் "மருத்துவ ரீதியாக அவசியம்" என்று இருந்தால், இங்கேயே வைத்தியம் செய்யலாம் என்று சொல்லி மறுக்க இடமுண்டு. "உகந்தது" என்று இருப்பதைத் தேடு. பிரஷருக்கோ சீனிக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர் என்றால் அந்தப் பந்தியையும் வாசி. புறப்பட முன்னமே எடுக்கச் சொல்லு. போர்டிங் பாஸை எறிய விடாதே, வந்து இறங்கியதும் உன் போனில் படம் எடுத்து வை.