ஆண்டு விழாவுக்கு வாடகை டிரஸ்: வடசேரி கடையில் எதை எடுக்கலாம், எதை எடுக்க வேண்டாம்

மாசி பிறந்துவிட்டால் குமரி மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் டீச்சர்மாருக்கு இரண்டே கவலை. ஒன்று மூன்றாம் பருவப் பாடத்தை முடிப்பது, இன்னொன்று ஆண்டு விழா டிரஸ். ஏப்ரலில் தேர்வு வந்துவிடும் என்பதால் பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் கடைசிக்குள் எல்லாப் பள்ளியும் விழாவை வைக்கும், அதுவும் வெள்ளி அல்லது சனிக்கிழமையில். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே போய்விடக்கூடிய இந்த வாடகைக் கடையில் அந்த நாட்களில் நிற்க இடம் இருக்காது.

பரதநாட்டிய செட்டுக்கும் கிராமிய நடன உடைக்கும் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம். மாறுவேட உடைக்கும் விக்குக்கும் போகாதீர்கள். நகைக்குப் போகலாம், ஆனால் எண்ணி வாங்க வேண்டும்.

பரத செட் நகையோடு 500 ரூபாய். பாவாடை, ரவிக்கை, தாவணி சேர்ந்த கிராமிய செட் 200. பாதிப் பணம் முன்பணம். துணி நல்ல துணிதான். விசிறி மடிப்பு கலையாமல் உள்ளே தையல் ஓட்டியிருக்கிறார்கள், இடுப்பில் இரண்டு வரிசை கொக்கி இருப்பதால் ஒல்லிப் பிள்ளைக்கும் குண்டுப் பிள்ளைக்கும் ஒரே உடை பொருந்தும். கேரளத் திருவாதிரை ஆட்டத்துக்குக் கேட்கும், ஜரிகைக் கரை போட்ட கசவு செட்டுமுண்டு வேட்டியையும் எலாஸ்டிக் வைத்துப் பாவாடை மாதிரியே தைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முண்டு சுற்றிக் கட்டிவிட்டால் முதல் பாட்டு முடிவதற்குள் அவிழ்ந்துவிடும். அந்தத் தொல்லை இதில் கிடையாது.

தகராறு வருவது அளவில். கடையில் கேட்பது "எந்த வகுப்பு, எத்தனை பேர்?" என்றுதான். "மூன்றாம் வகுப்பு, பன்னிரண்டு பேர்" என்று போனில் சொன்னால் பன்னிரண்டும் ஒரே அளவில் வந்து இறங்கும். ஒரே வகுப்பில் உயரமான பிள்ளைக்கும் குட்டைப் பிள்ளைக்கும் அரை அடி வித்தியாசம் இருப்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பரத செட்டுக்கு எண் என்பது இடுப்பிலிருந்து கணுக்கால் வரையுள்ள நீளம், அங்குலத்தில். ஆகவே டேப்பை எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று அளவு எடுத்து எழுதிக்கொண்டு போங்கள்: இடுப்பு முதல் கணுக்கால், மார்புச் சுற்று, தலைச் சுற்று. தலைச் சுற்று தலைப்பாகைக்கும் கிரீடத்துக்கும். இதை விட்டால் பாரதியாரின் முண்டாசு கண்ணை மறைக்கும். கால்சட்டை, எடுத்த அளவைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்கட்டும். சலங்கை கணுக்காலுக்கு மேல் உட்கார இடம் வேண்டும், நீண்ட கால்சட்டை சலங்கைக்குள் சிக்கினால் பிள்ளை மேடையில் குப்புற விழும். நீளம் கூடிப்போனால் ஊக்கு குத்தாதீர்கள். முழங்கால் மடக்கி உட்காரும் நடன அடவில் ஊக்கு திறந்துகொண்டு தொடையில் ஏறும். ஊசி நூலால் நீளத் தையல் போட்டு மடித்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது பிரித்துவிடுங்கள்.

சலங்கையை வாங்கும்போதே குலுக்கிப் பார்க்க வேண்டும். மணி ஒன்று ஆடினாலும் மாற்றிக் கேளுங்கள். மேடையில் மணி கழன்று விழுந்தால் அடுத்த நடனப் பிள்ளை வெறுங்காலோடு அதன்மேல்தான் மிதிக்கும், கழன்ற மணிக்குக் கடையில் தனியாகக் காசும் பிடிப்பார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மூன்று வரிசை மணி போதும். ஐந்து வரிசை கனம், கால் தூக்கவே சோம்பும்.

நகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடசேரி என்றாலே கோயில் நகை, அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் வாடகைக்குத் தருவது வெள்ளியில் செய்து முலாம் பூசிய அந்த அசல் சரக்கு அல்ல, மலிவான உலோகத்தில் கெம்புக்கல் ஒட்டிய லேசான செட். சின்னக் காதுக்கும் கழுத்துக்கும் லேசானதே நல்லது, குறையாக நினைக்க வேண்டாம். ஒரு செட்டில் நெற்றிச்சுட்டி, தலையில் வைக்கும் சூரியன், சந்திரன், ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, மாலை, வங்கி, ஒட்டியாணம், ராக்கொடி என்று பத்துக்கு மேல் உருப்படி. ஒரு கவரில் எல்லாவற்றையும் போட்டு "செட் 1" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிரித்து எண்ணி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். திருப்பும்போது சந்திரன் ஒன்று குறைகிறது என்றால் அது வரும்போதே இல்லை என்பதை நிரூபிக்க வேறு வழியில்லை. காது குத்தாத பிள்ளை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அழுத்திப் பிடிக்கும் ஜிமிக்கி எண்ணி நாலைந்துதான் வைத்திருக்கிறார்கள். மாட்டலை முடியோடு சேர்த்து இறுக்கிவிட்டால் ஜிமிக்கியின் கனம் காது மடலில் இறங்காது.

மாறுவேடம்தான் இந்தக் கடையின் பலவீனம். திருவள்ளுவர், காமராஜர், வேலுநாச்சியார், பாரத மாதா எல்லாம் இருக்கிறது, ஆனால் தாடியும் விக்கும் பல தலை ஏறி இறங்கியவை. பேன் ஏறும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளே ஒரு பருத்தித் துணியைத் தலையில் கட்டிவிட்டு மாட்டுங்கள். தாடிக்கு அவர்கள் தரும் பசை பிள்ளைத் தோலுக்கு ஆகாது, உரிக்கும்போது அழுகைதான். காதில் மாட்டும் எலாஸ்டிக் வைத்த தாடி ஃபேன்ஸி கடையிலேயே கிடைக்கும். தேரூர்க்காரரான கவிமணி வேடத்துக்கு வேட்டியும் சட்டையும் மேல்துண்டும் வீட்டிலேயே இருக்கும்போது அதற்கு 250 ரூபாய் வாடகை கொடுப்பது வீண்.

மேக்கப்புக்கு ஆள் அனுப்புகிறார்கள், தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். பரதப் பிள்ளைக்கு முகமும் தலையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். இருபது பிள்ளைக்கு ஐந்து மணி நேரம். ஒரு ஆள் வந்தால் ஐந்து மணி விழாவுக்கு மத்தியானம் பன்னிரண்டுக்கே உட்கார வைக்க வேண்டும், ஐந்து மணிக்குள் பவுடர் வேர்த்து வழிந்திருக்கும். இரண்டு ஆளாவது கேளுங்கள். ஒரே கண்மைக் குச்சியை எல்லாப் பிள்ளைக்கும் போடுவதைத் தடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்குக் கண்நோய் இருந்தாலும் பரீட்சை வாரத்தில் பாதி வகுப்பு வராது. ஒரு பாக்கெட் பட்ஸ் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. இன்னொன்று: சாப்பாடும் பாத்ரூமும் உடை மாட்டுவதற்கு முன்னால். கொக்கி வைத்த பரதக் கால்சட்டையை அவசரத்தில் கழற்ற ஆறு வயதுப் பிள்ளையால் ஆகாது. உடை ஏறிய பிறகு தண்ணீர் மட்டும், அதுவும் ஸ்ட்ராவில்.

பூவை இந்த வாடகைக் கடையில் வாங்க வேண்டாம். அவர்கள் வைத்திருப்பது நைலான் பூ, விலையும் கூடுதல். தோவாளைப் பூச்சந்தையில் காலையில் பிச்சியோ மல்லியோ வாங்கி ஈரத் துணியில் சுற்றி வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும். விழா முகூர்த்த நாளில் விழுந்தால் மட்டும் விலை கையைக் கடிக்கும், அன்றைக்கு நைலானே போதும்.

தேதி விஷயத்தில் கடை கறார். விழா தள்ளிப்போனால் முன்பணம் திரும்பாது, வேறு தேதிக்கும் மாற்றித் தருவதில்லை. அரசுப் பள்ளிகளுக்கு இது பெரிய சிக்கல், நிதி வந்த பிறகுதானே தேதியே முடிவாகிறது? மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை, சிவராத்திரி உள்ளூர் விடுமுறைகளைப் பார்த்துவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் தேதியை உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். அதற்கு முன் அளவுப் பட்டியலை மட்டும் கொடுத்து வைக்கலாம், அதற்குக் கடைக்கார அக்கா மறுப்பதில்லை. மார்ச் கடைசியில் எடுப்பவர்கள் உடையை முகர்ந்தே பாருங்கள். சனி ஒரு பள்ளி, ஞாயிறு ஒரு சர்ச் நிகழ்ச்சி என்று துவைக்க நேரமில்லாமல் ஓடுகிற செட்டில் வியர்வை வாடை நிற்கும், ஜரிகையும் பிரிந்திருக்கும்.

பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தருவார்கள். அது பள்ளிக் கணக்கில் நிற்காது. தேதி, பள்ளிப் பெயர், உருப்படி, ரப்பர் ஸ்டாம்ப், கையெழுத்து எல்லாம் உள்ள பில்லை முன்பணம் கட்டும் அன்றே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் நாளை, மறுநாள் என்று இழுப்பார்கள்.

திருப்ப வேண்டியது மறுநாள் காலை பத்து மணிக்குள். தாமதமானால் அரைநாள் வாடகை கூடும். விழா முடிந்த ராத்திரியில் வியர்வை ஈரத்தோடு மூட்டை கட்டிவிடாதீர்கள். சிவப்புக் கரையின் சாயம் வெள்ளைக் கசவில் இறங்கினால் அந்த முண்டுக்கு முழுவிலை கேட்பார்கள். வகுப்பறையில் கயிறு கட்டி விரித்துப் போட்டு ஃபேனை ஓடவிட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும்.