நானோகுழாய் பூசிய மின்முனை: இரண்டு வருடம் கையாண்ட பிறகு

தண்ணீரில் ஃபீனால் வகைச் சேர்மங்களை அளக்க, இரண்டு வருடமாக 3 மில்லிமீட்டர் கிளாசி கார்பன் மின்முனையில் கார்பன் நானோகுழாய் பூசித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் நாளே அசந்துபோனேன். கேட்டகால், ஹைட்ரோகுவினோன் என்ற இரண்டு ஃபீனால் வகைகளுக்கும் ஒரே வாய்பாடு, ஹைட்ராக்சில் தொகுதி உட்காரும் இடம்தான் வேறு. மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே மின்னோட்டத்தைப் பார்த்தால், வெறும் மின்முனையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாக வந்தவை, பூசியதும் சுமார் 100 மில்லிவோல்ட் தள்ளித் தள்ளி இரண்டு முகடுகளாக நின்றன.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. நானோகுழாய் கலந்த அதே குப்பி, அதே 5 மைக்ரோலிட்டர் துளி, ஆனால் திங்கட்கிழமை பூசியதும் வியாழக்கிழமை பூசியதும் ஒத்துப்போகவே இல்லை. துளி காய்ந்த இடத்தைப் பார்த்தால் ஓரத்தில் கறுப்பு வளையம், நடுவில் வழுக்கை! இப்போது துளி விடுவதற்கு முன் குப்பியை, ஒலியலையால் கலக்கும் சோனிகேட்டரில் வைத்து எடுக்கிறேன் (குழாய்கள் அடியில் போய்ப் படுத்துவிடும்), விட்டபின் பீக்கரைக் கவிழ்த்து மூடி மெதுவாகக் காயவிடுகிறேன். பூசுவதற்கு முன்னால் மின்முனையை 0.05 மைக்ரான் அலுமினாப் பொடியில் எட்டு வடிவில் தேய்ப்பது தனி வேலை. தேய்த்த பிறகு பரப்பைச் சோதிக்க ஃபெர்ரிசயனைடு கரைசலில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஒரு சுற்று ஓட்டுவேன், ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் முகடுகளுக்கு நடுவே கணக்குப்படி 59 மில்லிவோல்ட் வரவேண்டும், 80-ஐத் தாண்டினால் மறுபடியும் தேய்ப்புதான்.

இதோடு ஒப்பிட்டால் ஈயம் அளப்பதெல்லாம் சுகம். மின்முனையில் பிஸ்மத் உலோகப் படலம் போட்டு அளந்து முடித்ததும், நேர் மின்னழுத்தத்தில் கொஞ்ச நேரம் பிடித்தால் உலோகம் கரைந்து போய்விடும். ஃபீனால் அப்படி விடாது, ஆக்சிஜனேற்றத்தில் பிறப்பதே மேலே பாலிமராகப் படிந்துகொள்ளும். பிஸ்ஃபீனால் ஏ என்ற ஃபீனால் வகை ரொம்ப மோசம், இரண்டாவது ஓட்டத்திலேயே முகடு சரிந்துவிடும். ஒரு பூச்சை நாள் முழுக்க ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் எந்தச் சேர்மத்துக்கு என்று கேளுங்கள்.

அப்புறம் குழாய்த் தண்ணீர். ஒரு மாதிரியில் முகடே இல்லை, சுத்தம் என்று எழுதப் போனவன் சந்தேகத்தில் கொஞ்சம் கேட்டகால் சேர்த்துப் பார்த்தேன், போட்டதில் பாதிகூடத் தெரியவில்லை. மின்முனையைத் திட்டிக்கொண்டே மூன்று முறை புதிதாகப் பூசினேன். கடைசியில் பார்த்தால் தண்ணீரில் மிச்சமிருந்த குளோரின், நான் அளப்பதற்கு முன்பே கேட்டகாலைத் தின்றுகொண்டிருந்தது. இப்போது மாதிரி எடுக்கும் குப்பியிலேயே குளோரினை முறிக்கத் துளி தயோசல்பேட் போட்டு வைக்கிறேன். பஃபரில் (அமிலத்தன்மை மாறாத கரைசலில்) போட்ட அளவீட்டுக் கோட்டை நம்பாமல், ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறேன்.