ஹங்குல் அசை: முழுதாக வைப்பதா, பிரித்து வைப்பதா?

கொரிய எழுத்தான ஹங்குலில் ஒரு கட்டம் ஓர் அசை. கணினியில் அதை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், உறுப்புகளாகப் பிரித்தும் வைக்கலாம். முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27. இறுதி இல்லாத நிலையையும் சேர்த்துப் பெருக்கினால் 11,172.

1987-இல் தென்கொரியாவின் கணினி எழுத்துக் குறியீட்டுத் தரமான வான்சங், அதிகம் புழங்கும் 2,350 அசைகளை மட்டும் முழு எழுத்தாக ஏற்றது. ஓர் அசைக்கான இரண்டு பைட்டும் ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்து, குறிகளுக்கான 0 முதல் 127 வரையான எண்கள்) மேலே என்பதால் பழைய நிரல்களோடு உரசாது. மிச்சமுள்ள 8,822 அசைகள் வெளியே நின்றன.

போட்டியான ஜோஹாப், மூன்று உறுப்புக்கும் தலா 5 பிட் கொடுத்தது. எல்லா அசையும் அடங்கியது, அகரவரிசையும் பிசகவில்லை. ஆனால் இரண்டாம் பைட் ஆஸ்கிக்குள் விழும். 'முன்' என்று பொருள்படும் 'அப்' என்ற சாதாரணச் சொல்லின் இரண்டாம் பைட் 124, அதாவது செங்குத்துக்கோடு. கொரியம் அறியாத நிரல் அதைக் கட்டளைப் பிரிப்பானாக எடுத்துக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்டின் சிபி949, வான்சங்கை அப்படியே வைத்து, விடுபட்ட 8,822 அசைகளையும் காலி இடங்களில் சொருகியது. விலை: பைட் வரிசையில் அடுக்கினால் அகராதி குலையும். பழைய கோப்பைத் திறக்கும்போது ஈயுசி-கேஆர் (வான்சங் குறியீட்டைக் குறிக்கும் பெயர்) என்று குறித்திருந்தாலும் சிபி949 என்றே படியுங்கள். இது அதன் மேற்தொகுப்பு, இழப்பு வராது.

1996-இல் யூனிகோடு 2.0 எல்லாவற்றையும் 44032 முதல் 55203 வரை ஒழுங்காக அடுக்கியது. (முந்தைய பதிப்பில் வேறிடத்தில் இருந்த 6,656 அசைகளைத் தூக்கி இங்கே வைத்தார்கள். இனி எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்ற கொள்கை அதன்பின் வந்ததுதான்.) கணக்கு எளிது: (முதல் × 21 + உயிர்) × 28 + இறுதி + 44032, உறுப்புகளை 0-இலிருந்து எண்ண வேண்டும், இறுதி மெய் இல்லையென்றால் 0. 'ஹன்' என்ற அசைக்கு 18, 0, 4 போட்டால் 54620. திரும்பப் பிரிக்க 44032-ஐக் கழித்து 588-ஆல் வகுத்தால் ஈவு முதல் மெய். மீதியை 28-ஆல் வகுத்தால் ஈவு உயிர், மீதி இறுதி மெய். அட்டவணையே வேண்டாம்.

அதே யூனிகோடில் ஜாமோ எனப்படும் தனித்தனி மெய், உயிர் உறுப்புகளைத் தொடராக எழுதவும் இடமுண்டு. நம் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகவும் எழுத முடிவது போலத்தான் இது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைத்தது. விண்டோஸுக்குப் போனதும் அவை சிதறித் தெரியும், தேடினாலும் சிக்காது. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'ஹன்' முழுதாக 3 பைட், பிரித்தால் 9. கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை வைத்த லினக்ஸ் வட்டில் 85 அசை 28 ஆகச் சுருங்கும்.

ஆகவே சேமிக்கும் முன் என்எஃப்சிக்கு (உறுப்புகளை முழு எழுத்தாகக் கூட்டும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள். ஒரு பொறி: விசைப்பலகையில் தனியாகத் தட்டிய மெய்கள் 'ஒத்திசைவு ஜாமோ' என்ற வேறு வகை, என்எஃப்சி அவற்றைக் கூட்டாது. 15-ஆம் நூற்றாண்டு நூல்களின் வழக்கொழிந்த அசைகளுக்கு மட்டும் ஜாமோ தொடரே வழி. அவற்றுக்கு முழு எழுத்து கிடையாது.